'டாக்' பொத்தானை அழுத்திப் பேசிய காலம்

வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். கணினியில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேசத் தொடங்கிய கதை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், எழுத்து வந்து சேர்வதே பெரிய காரியம். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டது. குரலைச் சுருக்கி, சிறு துண்டுகளாக்கி, இணையம் வழியே அனுப்பும். ஆரம்பத்தில் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச முடியும், போலீஸ் வயர்லெஸ் மாதிரி.

நம் ஊரில் தடையாக நின்றது சட்டம். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம். அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 ரூபாய். அந்த வருமானம் போய்விடக் கூடாதே! இணையத்தில் எழுதலாம், பேசக் கூடாது என்று வைத்திருந்தார்கள். 2002 மார்ச் 31-ஆம் தேதியோடு ஏகபோகம் முடிந்தது. மறுநாளே, ஏப்ரல் 1 முதல், இணையத் தொலைபேசிக்கு அனுமதி. முட்டாள்கள் தினச் செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதுவரை ஞாயிறு காலைகளில் யாஹூ மெசஞ்சரில் குடும்பமாகக் கூடி எழுதிக்கொண்டிருந்தோம். டெட்ராய்ட்டில் தம்பி, சென்னையில் நானும் அம்மாவும், கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் சித்தப்பா. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் படித்துச் சொல்ல வேண்டும். அவள் சொல்வதில் பாதியைத்தான் அடிப்பேன்.

மெசஞ்சரில் குரல் வசதி முன்பே இருந்தது. அனுமதி வந்ததும் ஒரு ஹெட்போன் வாங்கினேன். 'டாக்' பொத்தானை நான் அழுத்திப் பிடிக்க, அம்மா பேசினாள். "என்னடா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு?" அன்று முக்கால் மணி நேரம் அவளே பேசினாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. அழுதிருக்கிறான், பிறகு சொன்னான்.

சித்தப்பாவை நாங்கள் மறந்துபோனோம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். காது முற்றிலும் போய்விட்டது. கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர், எழுத்து உரையாடலில் எல்லோரையும்விட வேகமாகவும் கிண்டலாகவும் அடிப்பார். குரல் வந்த பிறகு மூன்று ஞாயிறும் அவருடைய வரிகள் திரையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தன. "யார் என்ன பேசுகிறீர்கள்?" என்று கேட்டதைக்கூட அன்று இரவுதான் பார்த்தேன். நான்காவது ஞாயிறு அவர் வரவில்லை.

நேரே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். கோபம் எதுவும் காட்டவில்லை. "உங்க அம்மா பேசட்டும்டா, இத்தனை நாள் நான் பேசினேனே" என்றார். அதுதான் தாங்கவில்லை.

விஷயத்தைத் தம்பியிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் பேசப் பேச, தம்பி மனைவி அதையெல்லாம் சித்தப்பாவுக்காகத் தட்டச்சு செய்தாள். அவளுடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டே 2006 வரை அவர் எங்களோடு இருந்தார்.