விசர் நாயும் நுணுக்குக்காட்டியும்

நோய்க்கு மருந்து தேடுமுன் நோய் யாதென்று தெளிதல் வேண்டும் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் இம்முறையையே வற்புறுத்தினார். ஆயினும், நோயாளியின் உடலில் குறி தோன்றும்பொழுதே காலம் கடந்துவிடுகின்ற நோய்களும் உள. அவற்றுள் தலையாயது விசர்நாய்க்கடி நோய். அதனை வேளையோடு அறிய வேண்டுமாயின், கடியுண்ட மனிதனையன்று, கடித்த விலங்கையே ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சி எவ்வாறு வளர்ந்தது என்பதும், ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு அதன் பயன் எட்டுவது ஏன் அரிதாயிற்று என்பதும் சிந்திக்கத்தக்கன.

1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில், யோசேப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவன் பாரிசு நகரில் லூயி பாஸ்டரிடம் கொண்டுவரப்பட்டான். அவனைக் கடித்த நாய் கொல்லப்பட்டிருந்தது. அதன் வயிற்றைப் பிளந்து பார்த்தபொழுது வைக்கோலும் மரத்துண்டுகளும் காணப்பட்டன. உண்ணத்தகாதவற்றை விழுங்கியிருந்தமையால் அது விசர்கொண்ட நாய் என்று முடிவு செய்தனர். பாஸ்டரின் மருந்து ஏற்றப்பட்டது, சிறுவன் பிழைத்தான். உலகம் அம்மருந்தை வியந்தது. ஆயினும், நாய் விசர்கொண்டதா என்னும் வினாவுக்கு அந்நாளில் வைக்கோலைக் காட்டிலும் உறுதியான விடை உடனே கிட்டவில்லை.

உறுதியான விடை 1903இல் கிடைத்தது. இத்தாலிய அறிஞர் அடெல்கி நெக்ரி, விசர்கொண்டு இறந்த விலங்குகளின் மூளைக் கலங்களுள் சிறு உருண்டைகள் இருப்பதை நுணுக்குக்காட்டியின் வழியாகக் கண்டார். அவை நெக்ரி உடல்கள் எனப் பெயர்பெற்றன. மூளையின் ஒரு சிறு கூற்றை எடுத்துச் சாயமூட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், பல வேளைகளில் அன்றே விடை கூறலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

இலங்கையில் விசர்நோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கொழும்பில் 1900ஆம் ஆண்டு தோன்றிய பாக்டீரியவியல் நிலையமே பின்னர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், கசௌலியில் 1900இலும், நீலகிரியின் குன்னூரில் 1907இலும் பாஸ்டர் நிலையங்கள் திறக்கப்பட்டன. சட்டமும் மருந்தும் நுணுக்குக்காட்டியும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் வந்து சேர்ந்தன எனலாம்.

எனினும் அவை நகரங்களில் இருந்தன. நாயோ லயத்து வாசலில் இருந்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை ஆகிய மலைகளில் வாழ்ந்த தோட்ட மக்களுக்கு நாய் வேண்டாத விலங்கன்று. இரவில் லயத்தைக் காப்பதும், மரக்கறித் தோட்டத்தில் காட்டுப் பன்றியை விரட்டுவதும் அதுவே. தேயிலை மலையின் எல்லையில் காடும் பற்றையும் தொடங்குவதால் நரி, கீரி முதலியவற்றோடும் அது பொருதுகின்றது. இவ்விலங்குகளும் விசர்நோயைத் தாங்கி வரத்தக்கவை.

வெறிநாய் ஒன்று புகுந்துவிட்டால் ஊரார் செய்வது யாது? தடியெடுத்து அதன் தலையில் அடித்துக் கொன்று, உடனே புதைத்துவிடுவர். அச்சத்தில் செய்யும் இச்செயல் இயல்பானதே. ஆனால் தலை சிதைந்தால் மூளையும் சிதையும், புதைத்தால் அழுகும். ஆராய்ச்சிக்கு வேண்டிய சான்று இவ்வாறு மண்ணோடு மறைந்துவிடுகின்றது. அச்சான்று கெடாதிருக்க, நாயின் தலையைப் பனிக்கட்டி சூழ வைத்துக் கொழும்புக்கு அனுப்புதல் வேண்டும். புகையிரதப் பாதை பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் அடைந்தது. பதுளையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பாதை வந்தபின்னரும், மலைமேலுள்ள தோட்டத்தில் பனிக்கட்டி பெறுவதும், நிலையம்வரை பெட்டியைச் சுமந்து செல்வதும் எளியனவாக இருந்திருக்க முடியாது.

விடை கிட்டாவிடின் வரும் தீமை ஒன்றன்று, இரண்டு. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறையில், ஆட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து செய்யப்பட்டது. நரம்புத் திசுவிலிருந்து செய்த இவ்வகை மருந்து இலங்கையிலும் நெடுங்காலம் வழங்கியது. அதனை வயிற்றில் நாள்தோறும் ஏற்றுவர்; 14 ஊசிகள் என்பது பலரும் அறிந்த கணக்கு. அம்மருந்து உயிர் காத்தது உண்மை. ஆயினும் சிலருக்கு வாதத்தையும் விளைவித்தது. ஆகவே, விசரில்லாத நாய் கடித்தவர் வீணே ஆபத்துக்குட்பட்டார். விசர் நாய் கடித்தும் மருந்து பெறாதவர் உயிரிழந்தார். அன்றாடம் செக்ரோலில் பெயர் விழுந்தாலன்றிக் கூலியில்லாத தொழிலாளிக்கு, ஆஸ்பத்திரியில் கழியும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். 'நாய் விசர்கொண்டதா?' என்னும் வினாவின் விடையில் ஓர் உயிரும் ஒரு குடும்பத்தின் உணவும் தங்கியிருந்தன.

மந்திரமும் விடகடி வைத்தியமும் நிலைபெற்றமைக்கும் காரணம் இதுவே. கடிக்கும் நாய்களெல்லாம் விசர்கொண்டவை அல்ல. விசர் நாய் கடித்தோர் அனைவரையும் நோய் பற்றுவதுமில்லை. எனவே, பார்வை பார்த்த பின் பலர் நலமாயிருந்தனர். நாயை ஆராயாதவரையில், எந்த மருந்தும் வென்றதாகத் தோன்றும். மக்கள் அறிவிலிகள் என்று இகழ்வது முறையன்று. அவர்கள் கண்ணால் கண்டதையே நம்பினர். கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் கருவிதான் அவர்களுக்கு அணித்தாக இருக்கவில்லை.

நெக்ரியின் முறையிலும் குறையிருந்தது. விசர்கொண்ட மூளைகள் சிலவற்றில் அவ்வுருண்டைகள் தென்படுவதில்லை. ஐயந்தீர மூளைக் கரைசலை எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றி வாரக்கணக்கில் காத்திருந்தனர். 1958இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் ஒளிரும் சாயம் பிணைந்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி, நோய்க்கிருமி உள்ள இடம் பச்சையாய் ஒளிவிடுமாறு செய்தனர். வாரங்கள் மணித்தியாலங்களாயின.

1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். 1975 முதல் நாய்களுக்குத் தடுப்பூசி இடும் தேசிய முயற்சி முறையாக நடைபெற்றது. 1990களின் நடுப்பகுதியில் நரம்புத் திசு மருந்து கைவிடப்பட்டு, கல வளர்ப்பில் செய்த பாதுகாப்பான மருந்து வந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டொன்றில் இறப்போர் தொகை சில பத்துகளாகச் சுருங்கியுள்ளது. ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய மரணம் என்பதை எண்ணும்பொழுது, இத்தொகையும் சிறிதன்று.

இன்றைய மருந்து ஆபத்தற்றது. ஆதலின் ஆய்வுகூடத்தின் விடைக்காகச் சிகிச்சையைத் தாமதித்தல் கூடாது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். நாய் உயிரோடிருந்தால் அதனைக் கொல்லாது கட்டிவைத்து 10 நாள் கவனித்தல் நன்று. இறந்துவிட்டால் தலையைச் சிதைக்காது, வெறுங்கையால் தொடாது, சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவித்தல் வேண்டும். அந்த ஒரு தலை தரும் விடை கடியுண்டவருக்கு மட்டும் உரியதன்று. அதே லயத்தில் அந்நாயோடு விளையாடிய குழந்தைகளுக்கும், அடுத்த மலையில் உள்ளோர்க்கும் அது எச்சரிக்கையாகும்; எவ்விடத்தில் தடுப்பூசி இன்னும் சென்று சேரவில்லை என்பதை அதிகாரிகளுக்குக் காட்டும் குறியுமாகும்.

புதைக்கப்பட்ட நாய் ஒன்றும் சொல்வதில்லை. ஆய்வுகூடம் சேர்ந்த நாயோ, இறந்தபின்னும் ஓர் ஊரைக் காக்கின்றது.