கடலுக்குள் இறங்கிய செவி

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் கப்பல்களையே எண்ணினார்கள். 1795இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றியதையும், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதையும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் கப்பல்களை அழைத்த அதே ஆழம் திமிங்கிலங்களையும் அழைத்தது. கொட்டியாரக் குடாவை நோக்கிக் கடலடிப் பள்ளத்தாக்கொன்று கரைவரை நெருங்கி வருகிறது. அந்த விருந்தாளிகளுக்கும் நமது வரலாற்றில் ஒரு பக்கம் உண்டென்பேன்.

1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன்பின் எண்பதுகளின் தொடக்கத்தில், உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவோடு, 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகு இங்கு வந்தது. ஆய்வாளர்கள் ஒலிவாங்கியைக் கடலுக்குள் இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். வால் மேலெழும்போது படம்பிடித்து, ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனியாக இனங்கண்டார்கள். 1984இல் இக்கடலில் பதிவான நீலத்திமிங்கிலத்தின் பாடல், பிற சமுத்திரங்களின் பாடல்களிலிருந்து வேறானது. நாம் வெறும் நீரென்று பார்த்திருந்த இடத்தில் ஒரு மொழி இருந்தது. அதைக் கேட்கச் செய்ததும் ஒரு கருவிதான்.

கருவி என்றாலே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. 1206இல் அல் ஜஸரி தமது நூலில் யானைக் கடிகாரத்தை விளக்கியிருக்கிறார். யானையின் வயிற்றுக்குள் நீர்த்தொட்டி. அதில் துளையிட்ட கிண்ணமொன்று அரைமணி நேரத்தில் அமிழும். உடனே மேலே பறவை கூவும், பாகன் அடிப்பான். அதைப் பார்த்து வியந்தவர் எவரும் உயிருள்ள யானைக்குத் தீனி வைப்பதை மறந்திருக்கமாட்டார்.

1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகொச்சி வேறுவகை. முட்டை வடிவப் பொம்மை. அதற்குள் திரையில் ஒரு குஞ்சு. பசித்தால் ஒலியெழுப்பும். பொத்தானை அழுத்தி ஊட்டவேண்டும், கவனிக்காவிட்டால் சாகும். செத்தாலும் பாதகமில்லை, மீண்டும் பொத்தானை அழுத்தினால் புதிய முட்டை! பின்னர் கைத்தொலைபேசிக்குள் பேசும் பூனைகளும் வந்தன. நாம் திறக்கும்வரை அவை நமக்காகக் காத்திருக்கும்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒரு கருவி விலங்குக்காக நம்மைக் காத்திருக்க வைக்கிறது. மற்றொன்று நமக்காக விலங்கைக் காத்திருக்க வைக்கிறது. இரண்டாவதில் பழகிய கண், உயிருள்ளதையும் அப்படியே பார்க்கத் தொடங்குகிறது. பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்களுக்கு பிஸ்கட்டை நீட்டிப் படமெடுத்தபின் பொலித்தீன் உறையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறோம். அதை மான் தின்கிறது. அதன் வயிற்றுக்குப் புதிய முட்டை கிடையாது. 2009இல் யுத்தம் முடிந்தபின் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் செல்கின்றன. மூச்செடுக்க வரும் உயிரின் வழியை ஓர் இயந்திரப் படகு மறித்தால், டியூலிப் கேட்ட பாடலை நாமே அடக்கியவர்களாவோம்.

பத்தாம் நூற்றாண்டின் பஸராவில் இக்வானுஸ் ஸபா அறிஞர்கள் எழுதிய ஒரு கதையில், விலங்குகள் ஜின்களின் அரசனிடம் மனிதனுக்கெதிராக வழக்குத் தொடுக்கின்றன. சுமையேற்றியதும் அடித்ததும் அன்றைய குற்றச்சாட்டுகள். இன்று அவ்வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டால், பொம்மையாக்கியதும் அவற்றோடு சேரும். பதில் சொல்லும் முன் நாம் செய்யக்கூடியது சிறிது: இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அது வரும்வரை காத்திருப்பது.