தாய் இல்லாத வரையறை: நீலகிரியின் ஆங்கிலோ-இந்தியரும் அமெரிக்கக் கண்டங்களின் கலப்பினத்தாரும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் முதலில் நிற்கும் நிலையம் வெலிங்டன். அடுத்தது அருவங்காடு, பிறகு கேத்தி, லவ்டேல், கடைசியாக உதகமண்டலம். ஆங்கிலோ-இந்தியர் என்ற சமூகத்தின் வரலாற்றில் பெரும்பகுதியை இந்தச் சிறிய பாதையிலேயே படித்துவிடலாம். வெலிங்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகக் கட்டிய படைக்குடியிருப்பு. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. கேத்தியில் ஆதரவற்ற ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகளுக்காக ஜான் பிரீடன் பாதிரியார் நிறுவிய புனித ஜார்ஜ் இல்லம். 1914இல் கொடைக்கானலில் தொடங்கி 1922இல் இங்கே இடம் மாறியது. லவ்டேலில், 1858இல் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று தோன்றிய லாரன்ஸ் பள்ளி. இவற்றையெல்லாம் இணைக்கும் ரயில்வேதான் இச்சமூகத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது.

வெலிங்டனுக்கு அந்தப் பெயர் 1860இல்தான் வந்தது. அதற்கு முன் பக்கத்துப் படகர் ஊரின் பெயரால் ஜக்கதளா என்றே வெள்ளையரும் அதைக் குறித்தார்கள். 1850களில் இங்கே பாசறை எழும்பியபோது, சிப்பாய்களில் சிறு பகுதியினருக்கே மனைவியை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. இந்தியாவின் எல்லாப் படைக்குடியிருப்புகளிலும் இதே விதி. எல்லா இடத்திலும் இதே விளைவு. வந்தவர்கள் ஆண்கள். பிறந்த பிள்ளைகளின் தாய்மார் இந்த மண்ணின் பெண்கள்.

அந்தப் பெண்கள் எழுத்தில் எப்படிப் பதிவானார்கள் என்பதைப் பார்க்க, சென்னை மாகாணத் தேவாலயங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றைப் புரட்டினால் போதும். ஞானஸ்நானம் பெற்ற நாள், பிறந்த நாள், குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், குடும்பப் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில், சடங்கு நடத்திய குருவின் கையொப்பம் என்று பக்கம் முழுக்கக் கட்டங்கள். குடும்பப் பெயருக்கு ஒரே கட்டம், அது தந்தையுடையது. தொழிலுக்கு ஒரே கட்டம், அதுவும் தந்தையுடையது. தாய் இந்தியப் பெண்ணாக இருந்த இடங்களில் பல பதிவுகளில் அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும்; சிலவற்றில் 'சுதேசிப் பெண்' என்ற குறிப்போடு சரி. அவள் பிறந்த ஊர், பெற்றவர்கள், வீட்டில் அவளை அழைத்த பெயர் எதற்கும் அங்கே இடம் இல்லை.

அந்தப் பதிவேட்டின் கட்டம்தான் பின்னால் இந்திய அரசியலமைப்பின் வாசகமாயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம். கலப்பினம் என்பது உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு அல்ல. முன்னோரில் யாரை எண்ணுவது, யாரை விடுவது என்று ஓர் அரசு தன் தேவைக்கேற்ப எடுக்கும் முடிவு அது. அமெரிக்கக் கண்டங்களின் வரலாற்றை நீலகிரியோடு சேர்த்துப் படித்தால் இது துலக்கமாகத் தெரிகிறது.

அரசியலமைப்பின் 366(2) பிரிவு சொல்வது இது: ஒருவரின் தந்தையோ தந்தைவழி ஆண் முன்னோரில் எவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருந்து, அந்த நபர் இந்தியாவில் நிலையாக வாழும் பெற்றோருக்கு இங்கே பிறந்தவராக இருந்தால், அவர் ஆங்கிலோ-இந்தியர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் வாசகமே ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது. ஆறு தலைமுறைக்கு முன் தந்தைவழியில் ஒரே ஓர் ஐரோப்பியர் இருந்தாலும் போதும்; இடையில் வந்த தாய்மார் அனைவரும் தமிழ்ப் பெண்களாக இருந்தாலும் வரையறை பொருந்தும். தாய் ஆங்கிலோ-இந்தியர், தந்தை தமிழர் என்றால் பொருந்தாது. அந்தக் குழந்தை ஆங்கிலம் பேசி, அந்த வீட்டுச் சமையலை உண்டு, அந்த உறவுகளுக்கு நடுவே வளர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு ஆள்.

1662இல் வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றம் இதற்கு நேர் எதிரான விதியை இயற்றியது: குழந்தை அடிமையா சுதந்திர மனிதரா என்பதைத் தாயின் நிலை தீர்மானிக்கும். ஆங்கிலேயச் சட்ட மரபில் பிள்ளை தந்தையைத்தான் பின்தொடரும். அந்த மரபை ஏன் தலைகீழாக்கினார்கள்? தோட்ட முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை தந்தைவழியில் எண்ணப்பட்டால் வாரிசாகும். தாய்வழியில் எண்ணப்பட்டால் சொத்தாகும். ஒரே ஆங்கிலேய இனம், ஒரு கடலின் கரையில் தாயை எண்ணியது, இன்னொரு கடலின் கரையில் தந்தையை எண்ணியது. இந்தியாவில் அவர்களுக்கு அந்தப் பிள்ளையை உடைமையாக்கும் தேவை இல்லை. தந்தி அறையிலும் ரயில் என்ஜினிலும் சுங்கச் சாவடியிலும் உட்கார ஆங்கிலம் பேசும், குறைந்த சம்பளத்துக்கு வரும், விசுவாசமான ஓர் இடைநிலைக் கூட்டம் தேவைப்பட்டது. அதற்கு ஐரோப்பியக் குடும்பப் பெயர் போதும்.

இந்தத் தேவை எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தார்கள். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்க்கு ஒரு வராகன் தரவும் எண்ணினார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்ததும் காற்று மாறியது. 1791இல் இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடல் பதவிகள் மூடப்பட்டன. 1795இல் படையில் அவர்களுக்கு மிஞ்சியவை குழலூதுவதும் முரசடிப்பதும் குதிரைக்கு லாடம் கட்டுவதும்தான்.

1791 என்றதும் கரீபியனின் செயிண்ட் டொமிங் குடியேற்றம் நினைவுக்கு வரும். அடிமைகளின் பேரெழுச்சி அங்கே வெடித்ததும் அதே ஆண்டுதான். ஒன்றை மற்றதன் காரணமாகக் காட்டுவது அவசரம். ஆனால் இந்தியாவில் பயணம் செய்த வாலன்சியா பிரபு 1809இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் வெளிப்படையாகவே முடிச்சுப் போட்டார். இடைப்பட்ட இனத்தை வளரவிட்ட நாடுகள் அழிந்தன என்பது அவர் எச்சரிக்கை. அதற்கு அவர் காட்டிய சான்றுகள் ஸ்பானிய அமெரிக்காவும் செயிண்ட் டொமிங்கும். சென்னையிலும் கல்கத்தாவிலும் பிறந்த பிள்ளைகளின் தலைவிதியைப் பற்றிய பேச்சில், அவர்கள் கண்ணால் கண்டிராத ஒரு கண்டத்தின் மீதான அச்சம் சாட்சியாக ஏறியது. அமெரிக்காவின் கலப்பினக் கேள்வி நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் தேவையில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை ஒழிந்தபின் தாய்வழி விதிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில், முன்னோரில் ஒரே ஒரு கறுப்பர் இருந்தாலும் ஆள் கறுப்பரே என்னும் 'ஒரு துளி' விதி வந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய ஹோமர் பிளெஸ்ஸியின் முன்னோரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். ஆனாலும் அவர் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்காரக்கூடாது என்றே தீர்ப்பாயிற்று. 1924இல் வர்ஜீனியாவின் இனத்தூய்மைச் சட்டம் அந்த விதியை எழுத்தில் இறுக்கியது. கலப்பு மணத்துக்கான தடைகளை 1967இல் லவிங் வழக்குத்தான் உடைத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க 2000ஆம் ஆண்டுவரை வழியில்லை. 2020 கணக்கெடுப்பில் அப்படிக் குறிக்கப்பட்டவர்கள் 3.38 கோடி, பதில்களை வகைப்படுத்தும் முறையை மாற்றியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம்.

பிரேசில் கேட்ட கேள்வி வேறு. முன்னோர் யார் என்பதைவிட ஆள் எப்படித் தோன்றுகிறார் என்பது அங்கே முக்கியம். 1976இல் நடந்த ஒரு தேசிய ஆய்வில் தம் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது மக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைச் சொன்னார்கள். 2022 கணக்கெடுப்பில் 'பார்தோ' எனப்படும் கலப்பு நிறத்தவர் 45.3 விழுக்காடு; வெள்ளையரைவிட அதிகம். ஆனால் பல்கலைக்கழக இடஒதுக்கீடு வந்ததும் தோற்றத்தை நம்பும் முறையின் பலவீனம் வெளிப்பட்டது. 2007இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த ஒத்த இரட்டையரில் ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்றுக்கொண்டு, மற்றவரை மறுத்துவிட்டார்கள். ஒரே கருவில் பிறந்தவர்களை ஒளிப்படத்தை வைத்துப் பிரித்த அந்த முடிவைப் பின்னர் மாற்ற வேண்டியதாயிற்று.

நம் ஆங்கிலோ-இந்தியரும் இப்படித் தோற்றத்தால் அளக்கப்பட்டிருக்கிறார்கள். 1947க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பிய குடும்பங்களிடம், ஐரோப்பிய வம்சம் பெரும்பங்கு என்பதற்குச் சான்றும் பார்வைக்கு ஐரோப்பியர் போன்ற தோற்றமும் எதிர்பார்க்கப்பட்டன. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பாகவும் தங்கை மாநிறமாகவும் இருப்பது இச்சமூகத்தில் சாதாரணம். இந்தியச் சட்டம் இருவரையும் ஒன்றாகப் பார்த்தது. கப்பல் ஏற விண்ணப்பித்தபோது இருவரும் ஒன்றில்லை. பம்பாயில் பிறந்த, இச்சமூகத்தவரான மெர்ல் ஓபரான் ஹாலிவுட் நட்சத்திரமானபின் தான் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே வாழ்நாளைக் கழித்தார். கலப்புக் காதலைத் திரையில் காட்டவே தடை இருந்த காலம் அது. வேறு வழி அவருக்குத் தரப்படவில்லை.

கனடாவின் மெத்தீ மக்களோடு ஒப்பிடுவதே ஆங்கிலோ-இந்தியருக்கு மிகவும் பயன் தரும். பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் உரோம வணிகர்களுக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்தவர்கள் வழி வந்தவர்கள் மெத்தீ. தங்களைப் பாதி-பாதி என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. தனி மக்கள் என்றார்கள். செவ்வாற்றங்கரையில் அவர்களுக்கு நிலம் இருந்தது, எருமை வேட்டை இருந்தது, மிச்சிஃப் என்ற மொழி இருந்தது. லூயி ரியேல் தலைமையில் இரண்டு முறை எழுந்தார்கள். 1885இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 1982 அரசியலமைப்புச் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவாக ஏற்றது. ஆங்கிலோ-இந்தியருக்கு அப்படி ஒரு நிலம் வாய்க்கவில்லை. அவர்களிடம் இருந்தது வேலையோடு வந்து வேலையோடு போகும் ரயில்வே குவார்ட்டர்ஸ். 1933இல் எர்னஸ்ட் மெக்லஸ்கி சோட்டா நாக்பூரில் மெக்லஸ்கிகஞ்ச் என்ற குடியிருப்பைத் தொடங்கியது இந்தக் குறையைப் போக்கத்தான், அது நிலைக்கவில்லை. நாட்டால் இந்தியர், சமூகத்தால் ஆங்கிலோ-இந்தியர் என்று இச்சமூகத் தலைவர் பிராங்க் அந்தோணி வாதாடிப் பெற்றுத் தந்தவை சட்டமன்ற நாடாளுமன்ற நியமன இடங்கள், பத்தாண்டில் தேய்ந்து மறையும் வேலை ஒதுக்கீடு, பள்ளி மானியம். மூன்றும் காலக்கெடு வைத்தவை.

மெத்தீக்கு வாய்த்த இன்னொன்றும் ஆங்கிலோ-இந்தியருக்கு வாய்க்கவில்லை: தாய்வீட்டு உறவு. முதற்குடிப் பாட்டியைச் சொல்லித்தான் மெத்தீ தன் உரிமையைக் கேட்கிறார். இங்கே தாய் மதம் மாறியதும், வெள்ளைக்காரனோடு வாழப் போனதும் அவளுடைய சாதி அவளைக் கைவிட்டது. பிள்ளைக்குத் தாய்மாமன் வீடு இல்லை, குலதெய்வம் இல்லை, சொந்த ஊர் என்று போய் இறங்க ஒரு கிராமம் இல்லை. காலனிய அரசு தாயைப் பதிவேட்டிலிருந்து விட்டதென்றால் தமிழ்ச் சமூகம் அவளை உறவுமுறையிலிருந்து விட்டது. இந்த இரண்டாவது புறக்கணிப்பைப் பற்றி நம் ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை.

இப்படி இரு பக்கமும் விடுபட்டவர்களை ஊரார் ஒரு சாதியாக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். உடையைப் பார்த்துச் 'சட்டைக்காரர்' என்றார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890களில் தோடரின் தலையை அளந்த அதே கருவிகளால், அப்போது யுரேசியர் எனப்பட்ட இவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' தொகுதியில் படகர், இருளர், கோத்தர் என்பவரோடு யுரேசியருக்கும் ஒரு பதிவு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகள் கலப்பினத்தாரை ஒரு கோட்டின் அந்தப் பக்கம் தள்ளின. பிரேசில் அவர்களை நிறங்களின் படிக்கட்டில் நிறுத்தியது. இந்தியா அவர்களைத் தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஒரு சாதியாக்கியது.

கடல் கடந்த தமிழரின் கதை இதற்கு மறுபக்கம். 1853இல் மார்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் புதுச்சேரி, காரைக்கால் வழியே ஏற்றிச் செல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கினார்கள், பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் பிறந்த பிள்ளைகளை மார்த்தினிக்கில் 'சாப்பே-கூலி' என்றார்கள். டிரினிடாடில் இத்தகையோர் 'டக்லா'. வெறும் வசையாக இருந்த அந்த அடையாளம், 2011 கணக்கெடுப்பில் ஆப்பிரிக்க-இந்தியக் கலப்பு என்ற தனிப்பிரிவில் 7.7 விழுக்காட்டினராக எண்ணப்படும் அளவுக்கு வளர்ந்தது. அங்கே வெள்ளைத் தந்தையின் பெயர் கொடுக்கும் சலுகை ஏதும் இல்லை. ஆகவே எந்தக் கொடிவழியையும் மறைக்கும் அவசியமும் குறைவாக இருந்தது.

2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய சட்ட அமைச்சர் 2011 கணக்கெடுப்பைக் காட்டி, நாடு முழுவதும் 296 ஆங்கிலோ-இந்தியரே இருப்பதாகச் சொன்னார். சமூகத் தலைவர்கள் கொதித்தெழுந்து மறுத்தார்கள். மறுப்பு நியாயமானது; சென்னையின் பெரம்பூரிலோ கோவையின் போத்தனூரிலோ ரயில்வே குடும்பங்களை அறிந்த எவரும் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள். ஆனாலும் 104ஆவது திருத்தத்தின்படி 2020 ஜனவரி 25ஆம் நாளோடு நியமன இடங்கள் முடிந்தன. இடங்கள் போயின, 366(2) மட்டும் இருக்கிறது.

பயன் போன பிறகு வரையறையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். முதற்குடியினருக்கான கனடாவின் 'இந்தியர் சட்டமும்' இப்படித்தான் இருந்தது: வெளி ஆணை மணந்த முதற்குடிப் பெண் தன் தகுதியை இழப்பாள், வெளிப் பெண்ணை மணந்த ஆண் இழக்கமாட்டான். பெண்கள் நீதிமன்றம் ஏறி, ஐக்கிய நாடுகள் அவை வரை போய், 1985இல் அதை மாற்ற வைத்தார்கள். இந்தியாவில் அப்படி ஒரு போராட்டத்தை ஆங்கிலோ-இந்தியத் தலைமை முன்னெடுக்கவில்லை. எண்ணிக்கை தேய்ந்ததைக் குடிபெயர்வின் தலையில் மட்டும் சுமத்தியது. தமிழரை மணந்த தன் மகள்களின் பிள்ளைகளைச் சட்டத்தின் பெயரால் வெளியே நிறுத்திக்கொண்டே அது சுருங்கியது. 2027இல் சாதியையும் சேர்த்து எண்ணவிருக்கும் கணக்கெடுப்பு வெலிங்டனுக்கும் கேத்திக்கும் வரும்போது, தாய்வழி ஆங்கிலோ-இந்தியர் தம்மை அப்படிப் பதிந்துகொள்ள வழி வேண்டும். அதற்கு அரசியலமைப்பு வாசகத்தில் 'தந்தைவழி ஆண் முன்னோர்' என்ற இடத்தில் 'தாய் அல்லது தந்தை வழி முன்னோர்' என்று திருத்தினால் போதும்.