ஊர் அறிந்த இரகசியம்: அமெரிக்க இளையோர் திகில் புனைவில் சிற்றூரின் வரலாறு

முன்னுரை

பதின்பருவ நண்பர்கள் சிலர் தம் சிற்றூரில் புதைந்துகிடக்கும் பழைய குற்றமொன்றைத் தோண்டியெடுப்பது அமெரிக்க இளையோர் திகில் புனைவில் நிலைபெற்ற ஒரு கதையமைப்பாகும். இவ்வகை நூல்கள் பொழுதுபோக்கு எழுத்தாகவே கருதப்பட்டு, இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு கடந்துசெல்லப்படுகின்றன. ஆயினும் இக்கதைகள் குற்றத்தின் இருப்பிடமாக எதனைச் சுட்டின என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் பெரிதும் மாறியுள்ளது. தொடக்கத்தில் குற்றம் ஊரின் ஒழுங்குக்குப் புறம்பானது. பின்னர் ஊரின் ஒழுங்கே குற்றத்தின் மீது எழுந்ததாகக் காட்டப்பட்டது. இம்மாற்றத்தில் 'இரகசியம்' என்ற சொல்லும் பொருள் மாறியது. யாரும் அறியாததைக் குறித்த அச்சொல், எல்லோரும் அறிந்தும் எவரும் பேசாததைக் குறிக்கலாயிற்று. சங்க அகப்பாடல்களில் ஊர் மறைவை அம்பலாக்கி, அலராகத் தூற்றும். இப்புனைவுகளின் ஊரோ வாய்மூடிக் காக்கும்.

துப்பறியும் சிறார்

1927ஆம் ஆண்டு 'தி டவர் ட்ரெஷர்' என்னும் நூலுடன் 'ஹார்டி பாய்ஸ்' வரிசை தொடங்கியது. எட்வர்ட் ஸ்ட்ராட்டமையரின் எழுத்துக்குழுமம் இதனை உருவாக்கியது. ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சன் என்பது புனைபெயரே. தொடக்க நூல்களை எழுதியவர் கனடிய இதழாளர் லெஸ்லி மக்ஃபார்லேன். 1930இல் நான்சி ட்ரூ வரிசை பின்தொடர்ந்தது. இந்நூல்களில் மறைபொருள் என்பது களவுபோன நகை, காணாமற்போன உயில் போன்றது. அது மீட்கப்பட்டதும் ஊர் பழைய அமைதிக்குத் திரும்பும். தந்தையர், காவலர், வங்கியாளர் ஆகியோரின் நேர்மை பெரிதாக ஐயுறப்படுவதில்லை.

இவ்வரிசைகளின் முதற்பதிப்புகளில் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களும் இழிவாகச் சித்திரிக்கப்பட்டிருந்தனர். 1959 முதல் நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. ஆனால் பழைய தலைப்புகளிலேயே வெளிவந்தன. இரகசியங்களை வெளிக்கொணர்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு நூல்வரிசை தன் கடந்தகாலத்தை இவ்வாறு ஓசையின்றி மாற்றிக்கொண்டது கருதத்தக்கது.

1962இல் ரே பிராட்பரி எழுதிய 'சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்' நாவலிலும் தீமை தொடர்வண்டியேறி வெளியிலிருந்தே வருகிறது. 1973இல் லோயிஸ் டங்கன் வெளியிட்ட 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' ஒரு திருப்பமாகும். மிதிவண்டியில் சென்ற சிறுவனை மோதிக் கொன்றுவிட்டு, அதை மறைக்க உறுதிபூண்ட நால்வரும் இளையோரே. இரகசியத்தைக் காண்பவர் என்ற நிலையிலிருந்து அதைக் காப்பவர் என்ற நிலைக்கு அவர்கள் இங்கு இடம்பெயர்கின்றனர்.

டெரியும் பாங்கரும்

1986இல் வெளிவந்த ஸ்டீவன் கிங்கின் 'இட்' இளையோர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் பின்வந்த இளையோர் திகில் புனைவுகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. மெய்ன் மாநிலத்தின் டெரி என்னும் கற்பனை ஊரில் ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை விழித்தெழும் தீமையைச் சிறார் எழுவர் எதிர்கொள்கின்றனர். அவர்களுள் ஊரிலேயே தங்கிவிடும் மைக் ஹான்லன் கறுப்பினத்தவர், நூலகர். முதியோரிடம் கேட்டும் பழைய குறிப்புகளைத் தொகுத்தும் அவர் எழுதும் ஊர்வரலாறு நாவலின் இடையிடையே வருகிறது. சிறார் கையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடி இவ்வாறு ஆவணக்காப்பாளனின் குறிப்பேடாகிறது.

டெரிக்கு மூலமான பாங்கர் நகரின் வரலாற்றோடு அக்குறிப்பேட்டை ஒப்பிட்டால் கிங் செய்த மாற்றம் புலப்படும். 1937 அக்டோபர் 12 அன்று பாங்கரின் சென்ட்ரல் தெருவில் ஆல் பிரேடியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டனர். துப்பாக்கி வாங்கக் கடைக்கு வந்த கொள்ளையரை அரசுப் படையினர் வீழ்த்தினர் என்பதே நடந்தது. நாவலில் அது 1929க்கு நகர்கிறது, பிரேடி பிராட்லியாகிறார், துப்பாக்கி ஏந்துவோரோ ஊர்மக்கள். சுட்டு முடித்தபின் அவர்கள் வீடு திரும்புகின்றனர்; அதன்பின் அதைப் பற்றி வாய்திறப்பவர் அரிது. அரசின் செயலை ஊரின் செயலாக்கியது வரலாற்றுப் பிழையன்று, வாதம். கறுப்பினப் படைவீரர்களின் கேளிக்கைக்கூடம் வெள்ளையர் அமைப்பொன்றால் எரிக்கப்படும் நிகழ்ச்சியும் இவ்வகையதே. 1920களில் மெய்ன் மாநிலத்தில் கூ கிளக்ஸ் கிளான் செல்வாக்குடன் இயங்கியது. அங்கு அதன் பகை பெரிதும் பிரெஞ்சு-கனடியக் கத்தோலிக்கர் மீதே இருந்தது. வட மாநிலங்களில் இனவெறி இல்லை என்ற வசதியான நம்பிக்கையை அந்நிகழ்ச்சி குலைக்கிறது.

இவற்றினும் அண்மையது ஒன்றுண்டு. 1984 ஜூலை 7 அன்று, சார்லி ஹவர்ட் என்ற 23 வயது இளைஞரை, அவர் தற்பாலீர்ப்பினர் என்பதற்காகவே, பதின்பருவத்தினர் மூவர் பாங்கரின் கெண்டஸ்கீக் ஓடையில் பாலத்திலிருந்து எறிந்தனர். நீந்தத் தெரியாத அவர் மூழ்கி இறந்தார். நாவலின் இரண்டாம் இயல் இக்கொலையை ஏட்ரியன் மெல்லன் என்ற பாத்திரத்தின் வழியே ஏறக்குறைய அவ்வாறே சொல்கிறது. சிறார் இயல்பாகவே தூயவர், பெரியோரே கறைபட்டவர் என்ற இவ்வகைப் புனைவின் அடிப்படை நம்பிக்கை இங்கு நிலைகுலைகிறது. ஊர் கற்றுக்கொடுத்த வெறுப்பைச் செயற்படுத்தியவர்கள் ஊரின் பிள்ளைகளே. பாலத்தின் அடியில் கோமாளி உருவில் அரக்கனை நிறுத்தியதன் மூலம் கிங் மனிதரின் பழியைக் குறைத்துவிட்டார் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் ஓடையில் எறியும் கைகள் நாவலிலும் மனிதக் கைகளே.

பழியும் திருத்தமும்

ஆர். எல். ஸ்டைனின் 'ஃபியர் ஸ்ட்ரீட்' வரிசை 1989இல் தொடங்கியது. ஷேடிசைடு என்ற ஊரின் சாபத்துக்கு மூலம் தேடும் மூன்று நூல்கள் 1993இல் வெளிவந்தன. 1692இல் பொய்க்குற்றம் சாட்டிய ஃபியர் குடும்பத்தால் குட் குடும்பத்துப் பெண்கள் சூனியக்காரிகளாக எரிக்கப்பட்டனர் என்பது அவற்றின் கதை. உண்மையில் சேலம் வழக்குகளில் எவரும் எரிக்கப்படவில்லை; 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் கற்சுமையால் நசுக்கிக் கொல்லப்பட்டார். வெகுமக்கள் நினைவில் பதிந்துவிட்ட பிழையையே நாவல் வழிமொழிகிறது.

2021இல் லீ ஜானியாக் இயக்கிய மூன்று திரைப்படங்கள் இக்கதையைத் தலைகீழாக்கின. அங்குச் சேரா ஃபியர் குற்றமற்றவள், தூக்கிலிடப்பட்டவள். மூன்று நூற்றாண்டுகளாக அவள் பெயரைச் சொல்லி ஊர் அஞ்சிவந்தது. சாத்தானோடு உடன்படிக்கை செய்து செழித்ததோ குட் குடும்பம். அதன் வழித்தோன்றலே ஊரின் காவல் தலைவர். இளையோர் இங்கு வெல்ல வேண்டியது பேயை அன்று, யாரைப் பேய் என்று ஊர் எழுதிவைத்ததோ அந்த வரலாற்றை. இக்கதையமைப்பின் வளர்ச்சியில் இதுவே மிக முதிர்ந்த நிலை எனலாம்.

இதற்கு நிகரான செயல் புனைவுக்கு வெளியேயும் நிகழ்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடக்கு ஆண்டோவரைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள், 1693இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆளுநரால் உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சன் (இளையவர்) என்பவரின் வழக்கை ஆராய்ந்தனர். 1711இலும் 1957இலும் 2001இலும் பிறர் பழிநீக்கம் பெற்றபோது அவர் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. மாணவர்களின் முயற்சி மாநிலச் சட்டமன்றத்தை எட்டியது. 2022இல் அவர் பழிநீக்கப்பட்டார். விடுபட்ட தம் பெயரைச் சேர்க்குமாறு எலிசபெத் 1712ஆம் ஆண்டிலேயே விண்ணப்பித்திருந்தார். அவ்விண்ணப்பத்தை எவரும் ஒளித்துவைத்திருக்கவில்லை.