டூ - டன்: ஷெல்களில் லூப் பிறந்த கதை

ஒரு வேலையைப் பத்து முறை செய்யச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுப்பதற்குப் பெயர் லூப். லினக்ஸில் கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல்தான் ஷெல். ஒரு ஷெல்லில் ஓடும் லூப் இன்னொன்றில் ஏன் ஓடுவதில்லை? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1971-ல் யுனிக்ஸுக்காக கென் தாம்சன் எழுதிய ஷெல்லில் லூப் என்பதே கிடையாது. 'கோடு' என்று தனியாக ஒரு நிரல் இருந்தது. அது கட்டளைக் கோப்பை முதலிலிருந்து தேடி, சொன்ன அடையாளம் உள்ள இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஷெல் அங்கிருந்து தொடர்ந்து படிக்கும். அவ்வளவுதான்.

1979-ல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. அதற்கு முன் அவர் கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழிக்கான கம்பைலரில் வேலை செய்தவர். அந்த மொழியில் தொடக்கச் சொல்லைத் திருப்பிப் போட்டால் முடிவுச் சொல். அதனால்தான் 'இஃப்' என்று தொடங்குவது 'ஃபி' என்று முடிகிறது. அந்தக் கணக்குப்படி 'டூ' என்று தொடங்கும் லூப் 'ஓடி' என்று முடிய வேண்டும். ஆனால் யுனிக்ஸில் 'ஓடி' என்ற கட்டளை ஏற்கெனவே இருந்தது. கோப்பின் உள்ளடக்கத்தை எண்ணெண்களாகக் காட்டும் கட்டளை அது. எனவே 'டன்' வந்தது!

அதே காலத்தில் பெர்க்லியில் பில் ஜாய் சி ஷெல்லை எழுதினார். சி மொழிக்காரர்களுக்குப் பழக்கமான நடை வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே 'ஃபார்' இல்லை, 'ஃபார்ஈச்' உண்டு. பட்டியலை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். முடிவில் 'எண்ட்'. இரண்டு பேர், இரண்டு ரசனை, இரண்டு இலக்கணம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1992-ல் போசிக்ஸ் தரம் வந்தது. அது போர்ன் வழியையே பொதுவாக வைத்தது. ஆனால் 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ், பின்னாளில் கார்ன் ஷெல்லைப் பார்த்து இரட்டை அடைப்புக்குறி லூப்பையும் சேர்த்துக்கொண்டது. இது போசிக்ஸில் இல்லாதது. வசதியாக இருந்ததால் எல்லோரும் எழுதினார்கள்.

வினை 2006-ல் வந்தது. கணினி வேகமாகத் தொடங்கட்டும் என்று உபுண்டு 6.10 'எஸ்ஹெச்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்த பாஷை எடுத்துவிட்டு டாஷை வைத்தது. 2011-ல் டெபியன் 6-ம் அப்படியே செய்தது. டாஷ் சிறியது, வேகமானது. ஆனால் இரட்டை அடைப்புக்குறி லூப்பைப் பார்த்தால் பிழை என்று நின்றுவிடும். நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்ட்கள் இப்படித்தான் படுத்தன.

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் இல்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது நினைவிருக்கும். சி-டாக் உருவாக்கிய அந்த பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

பிழை என்று நின்றால்கூடப் பரவாயில்லை. சில ஷெல்கள் சொல்லாமலே தவறு செய்யும். 2019 முதல் ஆப்பிள் மேக் கணினிகளில் இயல்பாக வருவது இசட்-ஷெல். ஒரு மாறியில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று பெயர்களை இடைவெளி விட்டு வைத்து, மேற்கோள் குறி இல்லாமல் லூப்பில் கொடுத்தால் பாஷ் மூன்று முறை சுற்றும். இசட்-ஷெல் மூன்றையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டு ஒரு முறைதான் சுற்றும். எத்தனை மாதம் என்று எண்ணச் சொன்னால் 'ஒன்று' என்று பதில் வரும். கணக்கு எழுதுபவருக்கு இதைவிட ஆபத்து வேறென்ன?

இந்த வரலாறு சொல்லும் பாடம் எளியது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று தெளிவாக எழுத வேண்டும். பாஷ் வசதிகளைப் பயன்படுத்திவிட்டு 'எஸ்ஹெச்' என்று போடக்கூடாது. எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டுமென்றால் போர்னின் பழைய 'ஃபார் - இன் - டூ - டன்' போதும். 1979-ல் எழுதிய அந்த வடிவம் பாஷிலும் டாஷிலும் இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது.