ஆளறிந்து பணி அளித்தல்

சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் ஒன்றேனும் உண்டோ? கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் அவ்வங்காடியை நிறுவியவர் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் என்பதையும் நம்மில் பலர் அறிவர். ஒருவரின் இயல்பறிந்து அவருக்கேற்ற பணியைத் தருவது எத்துணைப் பெரிய காரியம் என்பதற்கு அப்பெருமகனாரின் வாழ்வும் வீழ்வுமே சான்றாகும்.

1745ஆம் ஆண்டில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த விளவங்கோட்டுப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த கேசவ பிள்ளை, இளமையில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதினார். கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மன்னர் ஒரு நாள் காலையில் இவர் முகத்தில் விழித்ததைத் தீய சகுனமென்று கருதிச் சிறையிடச் சொன்னாராம். அன்றே நற்செய்தி வந்து சேர, விடுவித்து வேலையும் தந்தாராம். இக்கதை எவ்வளவு உண்மையோ, அறியோம். ஆனால் அதன்பின் நடந்தது வரலாறு. மன்னர் சகுனத்தை நம்பி நின்றுவிடவில்லை. சிறு பணிகளைக் கொடுத்துப் பார்த்து, படிப்படியாக உயர்த்தி, 1789இல் திவானாக்கினார். திப்பு சுல்தானின் படையெடுப்பின்போது நாட்டைக் காத்ததிலும், ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்ததிலும் கேசவதாஸின் பங்கு பெரிது.

1798இல் அம்மன்னர் மறைந்தார். அரியணையேறிய பாலராம வர்மாவுக்கு வயது பதினாறு. அரண்மனையில் அண்டியிருந்தோரின் சொல் மேலோங்கிற்று. கேசவதாஸ் பதவி இழந்து 1799இல் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் அன்றே எழுந்தது. அவருக்குப் பின் ஆட்சியைக் கைக்கொண்ட மூவர் குடிமக்களிடம் கட்டாயமாகப் பணம் பறித்தனர். வேலுத்தம்பியின் தலைமையில் மக்கள் திரண்டெழுந்து அவர்களை அகற்றச் செய்தனர். நாடு அதே நாடு. மக்களும் அதே மக்கள். ஆளைத் தேர்ந்த முறை மாறியது, விளைவும் மாறியது.

இதனையன்றோ வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களில் வகுத்துரைத்தார்! குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது அவர் நெறி. அந்த எடையை எவ்வாறு போடுவது? இவ்வினாவுக்கு அளவுகோல் தேடப் புகுந்தது இருபதாம் நூற்றாண்டு.

அமெரிக்காவில் மின்சார டிராம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் சோதனைகளை அமைத்தார். 1913இல் அவற்றை நூலிலும் விளக்கினார். முதல் உலகப்போர்க் காலத்தில் உட்வொர்த் என்பார், போர் வீரரின் மனவுறுதியை அறிய ஒரு வினாத்தாள் இயற்றினார். குணநலன் சோதனைகளுக்கு அதுவே முன்னோடி. நம் நாட்டில் 1943இல் டேராடூனில் இராணுவ அதிகாரிகளுக்கான தேர்வுக் குழு தோன்றியது. நாம் சோறுண்ணும் இரயில்வேயும் பின்தங்கவில்லை. 1962இல் அமைந்த குன்ஸ்ரு விபத்து விசாரணைக் குழுவை அடுத்து, 1964இல் இரயில்வேயில் உளவியல் சோதனைப் பிரிவு ஏற்பட்டது. உதவி ஓட்டுநர் பணியை நாடுவோருக்கு இன்று நினைவாற்றல், கவனம், தொலைவு உணர்தல் முதலிய ஐந்து சோதனைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 42 புள்ளியேனும் பெறல் வேண்டும். இதில் எவருக்கும் சலுகை இல்லை. ஒரு கணம் கவனம் சிதறின் பல உயிர் போகும் தொழிலில் இது முறையே.

ஆயினும் திறனை அளப்பது வேறு. குணத்தை அளப்பது வேறு. அலுவலகங்களில் பரவியுள்ள மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை மாந்தரைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. சில வாரங்கள் கழித்து அதனையே மீண்டும் எழுதினால், பலர் வேறொரு வகையில் போய் விழுகின்றனர். ஆகவே ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை. மாறாக, எவ்வகைத் தொழிலாயினும் பொறுப்புணர்ச்சி மிக்கோர் நன்கு பணிபுரிகின்றனர் என்பதை 1991இல் பேரிக், மவுண்ட் என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். நம் பாட்டன்மார் ‘பொறுப்பான பிள்ளை’ என்று சொன்னது வீண்சொல் அன்று.

இனி, இச்சோதனையால் உடன் பணிபுரிவோர்க்கு நன்மை உண்டோ? உண்டு. கூச்சமுள்ளவனைக் கல்லாவின் முன் நிறுத்தி, பேச்சில் வல்லவனைப் பேரேட்டின் முன் அமர்த்தினால், கடையும் கெடும், இருவருக்குள் மனத்தாங்கலும் வளரும். ‘இவன் திமிரால் பேசாதிருக்கிறான்’ என்று நாம் கருதியவன், எண்ணிப் பேசும் இயல்பினன் என்று அறிந்தால் பாதிப் பகை அன்றே தீரும். ஆனால் சோதனைத் தாளை மற்றொரு சாதகமாக்கி, ‘இவன் இவ்வளவுதான்’ என்று நெற்றியில் முத்திரை குத்தினால், அது பழைய சகுனம் பார்த்தலே.

நம் காலனிப் பிள்ளைகள் இன்று வேலை தேடிச் செல்லுமிடமெல்லாம் இத்தகைய வினாத்தாள்கள் காத்திருக்கின்றன. அவர்கள் அஞ்ச வேண்டா. மெய்யான விடையையே எழுதுக. பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமரும் பெரியோர்களோ, ஊரும் உறவும் பாராது, சிறு பணி கொடுத்துப் பார்த்துப் பெரும் பணி அளிப்பாராக. கணக்கெழுதிய பிள்ளை ஒருவனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டியதால் எழுந்ததே நம் சாலைத் தெரு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!