நார்சிஸஸ்: பந்திலும் பழைய இரும்பிலும்

நீரில் தெரிந்த தன் முகத்தின் மேலேயே காதல் கொண்டு, அதைவிட்டு நகர முடியாமல் உயிர்விட்டவன் நார்சிஸஸ். ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய இந்தக் கிரேக்கக் கதையை எடுத்தாண்ட நம் காலத்துக் கலைஞர்களில் ஜப்பானின் யயோய் குசாமாவும் பிரேசிலின் விக் முனிஸும் எதிரெதிர்த் திசையில் போனவர்கள்.

1966 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில், முறையான அழைப்பு இல்லாமலே, இத்தாலிய அரங்குக்கு வெளியே புல்வெளியில் ‘நார்சிஸஸ் தோட்ட’த்தைப் பரப்பினார் குசாமா. கண்ணாடியாய் மின்னும் 1,500 பிளாஸ்டிக் பந்துகள். தங்கநிறக் கிமோனோவில் நடுவே நின்று, உங்கள் தற்காதல் இங்கே விலைக்குக் கிடைக்கும் என்று பலகை வைத்து, பந்து ஒன்றை 1,200 லீராவுக்கு விற்றார். அதிகாரிகள் வந்து விற்பனையை நிறுத்தினார்கள். குளத்தில் நார்சிஸஸ் தன்னை மட்டுமே கண்டான். இந்தப் பந்துகளில் குனிந்தவர் முகம் சிறுத்து வளைந்து, வானத்தோடும் பக்கத்தில் நிற்பவரோடும் சேர்ந்தே தெரிந்தது. பார்க்க வந்தவரே நார்சிஸஸ் ஆனார்.

முனிஸ் பார்ப்பவருக்குக் கண்ணாடியே தரவில்லை. 2005இல், ஓவியர் கரவாஜ்ஜோவின் நார்சிஸஸ் ஓவியத்தைப் பழைய இரும்பு, தகர டப்பா, உடைந்த சாமான் எனக் காயலான் கடைச் சரக்கால் தரையில் வரைந்து, உயரத்திலிருந்து படம் பிடித்தார். எட்ட நின்றால் குனிந்த இளைஞன், மையத்தில் ஒளிரும் முழங்கால், கீழே தலைகீழாய் அவன் பிம்பம். கிட்டே போனால் இளைஞன் கலைந்துபோகிறான். நட்டும் போல்ட்டும் துருவும்தான் மிஞ்சுகின்றன. நம் முகம் அதில் எங்குமில்லை. நாம் ஆசையாய் வாங்கி, அலுத்து, எறிந்தவை இருக்கின்றன.

 

குசாமாவின் கூர்மை பந்தின் பளபளப்பைவிட அந்த விலைப்பலகையில்தான் இருந்தது. பிரேசிலின் இன்ஹோட்டிம் கலைப்பூங்காவில் இன்று அதே தோட்டம், 500 எஃகு உருண்டைகளாக, கட்டட மாடியின் நீர்ப்பரப்பில் காற்றின் போக்கில் மிதக்கிறது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பலகை போனதும் அது எழுப்பிய கேள்வியும் போய்விட்டது. செல்ஃபி எடுப்பவர் நிம்மதியாக எடுத்துக்கொண்டு போகலாம். முனிஸின் படத்தில் அப்படிக் கேள்வியைக் கழற்றி வைக்க வழியில்லை. குப்பையை அகற்றினால் நார்சிஸஸும் போய்விடுவான்.